இரண்டு பிஎச்.டி. ஆஃபர், ஒரு பெரிய பெயர், ஒரு வெயிட்லிஸ்ட்: தத்துவம் படிக்க எங்கே போவது?

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 25 வயது மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். பெயர், ஊர், பல்கலைக்கழகங்களின் பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மதுரையில் பி.எஸ்ஸி. கணிதம், பிறகு ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தத்துவம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்திருக்கிறது. தர்க்கவியலிலும், இந்தியத் தர்க்க மரபான நியாயத்திலும் ஈடுபாடு. அந்த மரபின் கங்கேசர் வியாப்திக்கு (ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்ற மாறாத தொடர்புக்கு) தந்த இலக்கணத்தைப் பற்றி எழுதிய கட்டுரையை விண்ணப்பத்தோடு அனுப்பினார். 11 இடங்களுக்கு விண்ணப்பித்ததில் ஏழு இடங்கள் கைவிரித்துவிட்டன. மீதி நான்கில்:

ஒன்று, அமெரிக்க மத்திய மேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். தத்துவத் தரவரிசையில் மேலே இருப்பது. ஐந்தாண்டு உறுதி, கல்விக் கட்டணம் கிடையாது, ஒன்பது மாதத்துக்கு 24,000 டாலர், முதல் செமஸ்டரிலிருந்தே வகுப்பு எடுக்க வேண்டும். இவர் படிக்க விரும்பும் பேராசிரியர் அங்கேதான் இருக்கிறார், வயது 67. இரண்டு, கடற்கரைப் பெருநகரம் ஒன்றில் தனியார் பல்கலைக்கழகம். தரவரிசையில் நடுவில். ஆறாண்டு உறுதி, 12 மாதத்துக்கு 38,000 டாலர், முதலாண்டும் ஐந்தாமாண்டும் வகுப்பு எடுக்க வேண்டாம். மூன்று, உலகமே அறிந்த ஓர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுகலை. உதவித்தொகை ஒரு பைசாகூட இல்லை, எல்லாம் சேர்த்து 45 லட்சம் ஆகும். நான்கு, கனவாக வைத்திருந்த இடம், அங்கே வெயிட்லிஸ்ட்.

"அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். இங்கிலாந்துப் பெயரைக் கேட்டதும் வீட்டை வைத்து 40 லட்சம் கடன் வாங்கத் தயாராகிவிட்டார். கன்சல்டன்சிக்காரரும் அதுதான் நல்லது, அந்தப் பெயர் இருந்தால் அடுத்து எங்கே வேண்டுமானாலும் பிஎச்.டி. கிடைக்கும் என்கிறார். மத்திய மேற்குக்காரர்கள் மார்ச் 31-க்குள் பதில் சொன்னால் நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். சொல்லாவிட்டால் இடம் போய்விடுமோ என்று தூக்கம் வரவில்லை. கூடுதல் பணம் கேட்டால் தந்ததையும் பிடுங்கிக்கொள்வார்களா? ரேங்க்கைப் பார்க்கவா, பணத்தைப் பார்க்கவா? மாமா, 'தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கி என்ன செய்யப்போகிறாய்' என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?"

அன்புள்ள மாணவிக்கு,

ஒரு தத்துவத் துறைக்கு இருநூறு, முந்நூறு விண்ணப்பங்கள் வந்து ஐந்தாறு பேரை எடுக்கும் காலத்தில் இரண்டு இடங்கள் உங்களுக்கு ஐந்து, ஆறு ஆண்டுகளுக்குப் பணம் கொடுத்துக் கூப்பிட்டிருக்கின்றன. உங்கள் கடிதத்தைப் படித்தால் அது தெரியவில்லை. ஏதோ கைதவறி வந்த அதிர்ஷ்டம், வாயைத் திறந்தால் பறிபோய்விடும் என்கிற தொனிதான் முழுக்க. சேர்க்கைக் குழுக்களில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், மார்ச் மாதக் கடைசியில் பயந்துகொண்டிருப்பது மாணவர்கள் மட்டுமல்ல. 'நாம் கூப்பிட்ட பிள்ளைகள் வேறிடம் போய்விடுவார்களோ' என்று துறைக்காரர்களும் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மத்திய மேற்குக்காரர்களின் மார்ச் 31 கடிதம் அந்தப் பதற்றத்தில் எழுதப்பட்டதுதான்.

மார்ச் 31 ஒரு கெடு அல்ல

அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பு வைத்திருக்கும் ஏப்ரல் 15 தீர்மானம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலான ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. நிதியுதவியோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன்பு பதில் சொல்லும் கட்டாயம் மாணவருக்கு இல்லை என்பதே அதன் சாரம். கையெழுத்திட்டவர்களின் பட்டியல் அந்தக் கூட்டமைப்பின் தளத்தில் இருக்கிறது. உங்கள் இரண்டு இடங்களும் அதில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால், "மிக்க நன்றி, எனக்கு ஆர்வம் இருக்கிறது, இன்னும் சில விவரங்களுக்குக் காத்திருக்கிறேன், ஏப்ரல் 15-க்குள் கட்டாயம் சொல்கிறேன்" என்று நாலு வரி எழுதினால் போதும். தீர்மானத்தின் பெயரை நீங்கள் குறிப்பிட வேண்டியதுகூட இல்லை. அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எழுதியதும் "சொன்னால் நல்லது" என்றுதானே, "சொல்லியாக வேண்டும்" என்று இல்லையே.

இது நிதியுதவி உள்ள அமெரிக்க ஆஃபர்களுக்கு மட்டும். இங்கிலாந்து முதுகலைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் வைப்புத்தொகை கேட்கும் தேதி அவர்கள் வைத்ததுதான். கட்டிய பணம் எந்தெந்தச் சூழலில் திரும்பி வரும் என்பதைப் படிக்காமல் ஒரு பவுண்டுகூடக் கட்ட வேண்டாம்.

வீட்டின் மேல் 40 லட்சம்

இதை நேராகவே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

அப்பாவின் மனசு எனக்குப் புரிகிறது. தன் பெண் அந்தப் பெயருள்ள இடத்தில் படித்தாள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்ல எந்த அப்பாவுக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் கணக்கைப் பாருங்கள். 40 லட்சம், பத்தரை சதவீத வட்டி, 15 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 44,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் ஏறக்குறைய 80 லட்சம். படிக்கும் காலத்திலும் தவணை தொடங்குவதற்கு முந்தைய சலுகைக் காலத்திலும் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். ஊர் திரும்பி ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தால் வரும் பணம் முழுவதையும் கொடுத்தாலும் தவணை அடையாது. உதவிப் பேராசிரியர் வேலையே கிடைத்தாலும் ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. அதற்கும் நெட் போதும், உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. இந்த ஓராண்டுப் படிப்பு அதில் ஒன்றையும் கூட்டாது.

வீட்டை ஈடு வைத்த கடன் நின்றுபோனால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி வங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே அந்த வீட்டின் மீது நடவடிக்கை எடுக்கலாம். அப்பா இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடுவார். கடைக்கு அவர் வாங்கும் கடன்களையும் இது பாதிக்கும். கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு என்று கன்சல்டன்சிக்காரர் சொல்லியிருப்பார். பழைய வரி முறையில் உண்மைதான். ஆனால் வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருந்தால்தான் கழிவுக்கு அர்த்தம்.

கன்சல்டன்சிக்காரரைப் பற்றியும் ஒன்று. அவர் உங்களிடம் கட்டணம் வாங்காமல் உதவுகிறார் என்று நன்றியோடு எழுதியிருக்கிறீர்கள். கன்சல்டன்சிகளுக்குப் பொதுவாக மாணவர் சேர்ந்ததும் பல்கலைக்கழகம் கமிஷன் தரும். பணம் கொடுத்து உங்களைக் கூப்பிடும் அமெரிக்கத் துறையிடமிருந்து அவருக்கு ஒன்றும் வராது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதை மனதில் வைத்து அவர் சொல்வதைக் கேளுங்கள்.

"அந்தப் பெயர் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் பிஎச்.டி. கிடைக்கும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாண்டு முதுகலையான பி.ஃபில்., செயின்ட் ஆண்ட்ரூஸும் ஸ்டர்லிங்கும் சேர்ந்து நடத்தும் முதுகலை போன்றவை பலரை நல்ல பிஎச்.டி. இடங்களுக்குக் கொண்டுபோயிருக்கின்றன. தத்துவப் பின்னணியே இல்லாதவருக்கு, அதுவும் முழு உதவித்தொகை கிடைத்தவருக்கு, அது நல்ல வழி. உங்களிடம் எம்.ஏ. இருக்கிறது, பிஎச்.டி. ஆஃபரே இரண்டு இருக்கிறது. வந்து சேர்ந்துவிட்ட ஊருக்கு மறுபடி டிக்கெட் எடுக்க எதற்கு வீட்டை அடகு வைப்பது? இதிலும் ஒரு சிக்கல்: ஓராண்டு முதுகலையில் அக்டோபரில் சேர்ந்தால் டிசம்பரிலேயே அடுத்த பிஎச்.டி. விண்ணப்பங்களை அனுப்ப வேண்டும். பரிந்துரைக் கடிதம் கேட்க அங்கே உங்களை எந்தப் பேராசிரியருக்கு அதற்குள் தெரிந்திருக்கும்?

(இதைப் படிக்கும் மற்ற மாணவர்களுக்கு: ரோட்ஸ், கேட்ஸ் கேம்பிரிட்ஜ், ஃபெலிக்ஸ், காமன்வெல்த், இன்லாக்ஸ் போன்றவற்றுக்கு ஒரு வருடம் முன்னாலிருந்தே வேலையைத் தொடங்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் பாருங்கள். அமெரிக்காவிலேயே விஸ்கான்சின்-மில்வாக்கி, ஜார்ஜியா ஸ்டேட் போன்ற இடங்களில் கற்பித்தல் பணியோடு கூடிய தத்துவ எம்.ஏ. உண்டு.)

ரேங்க் எதை அளக்கிறது

நீங்கள் பார்த்த தரவரிசை, பிரையன் லைட்டர் 1989-இல் தொடங்கிய தத்துவ கூர்மே அறிக்கை என்று நினைக்கிறேன். இப்போது பெரிட் புரோகார்டும் கிறிஸ்டோபர் பைன்ஸும் அதைத் தொகுக்கிறார்கள். ஒவ்வொரு துறையிலும் இருக்கும் ஆசிரியர்களின் பட்டியலைத் துறைசார் அறிஞர்களிடம் காட்டி, ஆய்வுத் தரத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லித் தொகுப்பது. அதாவது, அது சக அறிஞர்களிடையே ஒரு துறைக்கு இருக்கும் மதிப்பு. அந்த ஆசிரியர்கள் மாணவர் எழுதியதைப் படிக்கிறார்களா, எத்தனை பேர் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள், கோடையில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதெல்லாம் அதில் இல்லை. பயனற்றது என்று தூக்கிப்போடவும் வேண்டாம், ஏனென்றால் பின்னால் வேலைக்கு எடுப்பவர்களும் அதே அறிஞர்கள்தான். ஒட்டுமொத்த வரிசையைவிட அதே அறிக்கையில் தனித்தனிப் பிரிவுகளுக்கு இருக்கும் வரிசை உங்களுக்கு உதவும். தர்க்கவியல், கணிதத் தத்துவம் ஆகியவற்றில் உங்கள் இரண்டு இடங்களும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஐந்தாறு இடம் முன்பின் இருப்பதற்கெல்லாம் ஆறு வருடத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர் வேறு, துறைக்குள் மதிப்புள்ள பெயர் வேறு. தத்துவத்தில் நீண்ட காலமாக உச்சியில் வரும் ரட்கர்ஸ், பிட்ஸ்பர்க் போன்ற பெயர்களைச் சொன்னால் உங்கள் மாமா "அது எங்கே இருக்கு?" என்பார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொதுப் பெயர் நமக்குச் சட்டப்படியே முக்கியம். யு.ஜி.சி.யின் 2018 விதிகளில், க்யூ.எஸ்., டைம்ஸ், ஷாங்காய் என்ற உலகத் தரவரிசைப் பட்டியல்களில் ஒன்றில் முதல் 500-க்குள் வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. இருந்தால் நெட் இல்லாமலேயே உதவிப் பேராசிரியர் நியமனத்துக்குத் தகுதி உண்டு. நெட் கையில் இருப்பதால் உங்களுக்கு அந்தக் கவலையும் பாதி இல்லை.

இனி அந்த 67 வயதுப் பேராசிரியர். அமெரிக்காவில் நிரந்தரப் பணியிலுள்ள பேராசிரியர்களுக்கு 1994-இலிருந்து கட்டாய ஓய்வு வயது கிடையாது. எண்பது வயதிலும் வகுப்பெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டே விடைபெறுபவர்களும் இருக்கிறார்கள். ஊகிக்க வேண்டாம், அவரிடமே கேளுங்கள்: "அடுத்த ஆறு ஆண்டுகளில் புதிய ஆய்வு மாணவர்களை வழிநடத்தும் எண்ணம் இருக்கிறதா?" இந்தக் கேள்வியை அங்கே யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் கைடிடம் இப்படிக் கேட்க நமக்குக் கூசும். அந்தக் கூச்சத்தை இந்த இரண்டு வாரத்துக்கு ஒத்திவையுங்கள். அவர் 'ஆமாம்' என்றாலும், ஒருவரை நம்பி மட்டும் எங்கும் சேராதீர்கள். உங்கள் ஆய்வேட்டைப் படித்துக் கறாராகக் கருத்துச் சொல்லக்கூடியவர் குறைந்தது மூன்று பேர் ஓர் இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தின்படி மத்திய மேற்கில் ஒருவர்தான். கடற்கரை நகரத்தில் தர்க்கவியலுக்கு ஒருவர், இந்தியத் தத்துவத்துக்கு ஒருவர், தெற்காசியத் துறையில் சமஸ்கிருதம் சொல்லித்தரும் ஒருவர் இருக்கிறார்கள்.

உங்கள் எம்.ஏ. பேராசிரியர், "நியாயத்தைச் சொன்னால் உன்னை மதத் துறைக்குத் தள்ளிவிடுவார்கள்" என்று பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இந்தியத் தத்துவம் பல இடங்களில் மத ஆய்வுத் துறையிலோ தெற்காசியத் துறையிலோதான் சொல்லித்தரப்படுகிறது என்பது சரியே. ஆனால் உங்களை எடுத்திருப்பது தத்துவத் துறை, அதுவும் கங்கேசரைப் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு. வேலைச் சந்தையில் தர்க்கமும் நடத்துவேன், இந்தியத் தத்துவமும் நடத்துவேன் என்று சொல்லக்கூடியவர்கள் அதிகம் இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. வேறு துறைப் பேராசிரியர் ஆய்வுக் குழுவில் இடம்பெற விதி அனுமதிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு சம்பளத்தையும் டாலரிலேயே கணக்குப் போடுங்கள்

24,000 டாலரை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு அம்மா அசந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். செலவும் டாலரில்தான் என்பதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஒன்பது மாதத்துக்கு 24,000 என்றால் கோடையில் சம்பளம் இல்லை. பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பினால் மாதம் 2,000. கல்விக் கட்டணம் தள்ளுபடி ஆனாலும் மாணவர் கட்டணம் என்ற பெயரில் ஆண்டுக்கு 1,800 கட்ட வேண்டும் என்று உங்கள் ஆஃபர் கடிதத்திலேயே இருக்கிறது. அது மாதம் 150. நீங்கள் விசாரித்த பகிர்வு வீட்டு வாடகை 700. மிச்சம் 1,150.

கடற்கரை நகரத்தில் 38,000 என்றால் மாதம் 3,166. வாடகை 1,500. மாணவர் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்கிறது. மிச்சம் 1,666. பெருநகரத்தில் காய்கறியும் பஸ்ஸும் விலை கூடத்தான், அந்த 500 டாலர் வித்தியாசத்தில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். ஆனாலும் "பெரிய ஊர், கட்டுப்படியாகாது" என்று நீங்கள் எடுத்த முடிவு கணக்கில் நிற்கவில்லை. கோடையிலும் சம்பளம் வரும் என்பதை இன்னும் பெரிதாக நினைக்கிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முதல் ஆண்டு வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க முடியாது. உள்ளூர் மாணவர்போல கோடையில் எங்கேயாவது ஒரு காபிக் கடையில் நின்று சமாளிக்கும் வழி உங்களுக்கு இல்லை.

இரண்டு இடங்களிலும் சம்பளத்தில் வரி பிடிப்பார்கள். இந்திய மாணவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது, பலர் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்: இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவின்படி, மற்ற நாட்டு மாணவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காத நிலையான கழிவை நாம் கோரலாம். சேர்ந்த முதல் வாரத்தில் சம்பளப் பிரிவில் இதைச் சொல்லிவையுங்கள்.

வகுப்பெடுப்பது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் இருந்தது. வாரம் 20 மணி நேரம் என்று தாளில் இருக்கும். எஃப்-1 விதியும் படிப்புக் காலத்தில் வளாக வேலைக்கு அதையே உச்சமாக வைத்திருக்கிறது. செமஸ்டர் முடிவில் ஐம்பது அறுபது கட்டுரை திருத்த வேண்டிய வாரத்தில் அந்த 20 எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. புது நாடு, புது மொழிச் சூழல், முதல் செமஸ்டரிலேயே மூன்று பாடம், கூடவே இரண்டு வகுப்பு. முதலாண்டு விடுப்பின் மதிப்பை அப்போதுதான் உணர்வீர்கள். இன்னொன்று: பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களை வகுப்பறைக்குள் விடுவதற்கு முன் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு வைக்கும், அல்லது டோஃபல் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் ஒரு மதிப்பெண் கேட்கும். உங்கள் பேச்சு மதிப்பெண் அங்கே போதுமா, போதாவிட்டால் சம்பளம் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

கூடுதல் பணம் கேட்பதைப் பற்றி. பணிவாகக் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெற்ற துறையை நான் பார்த்ததில்லை. "வேறோர் இடத்தில் முதலாண்டு கற்பித்தல் பொறுப்பு இல்லாமல் தருகிறார்கள். உங்களிடம் கோடை உதவியோ முதலாண்டு விடுப்போ சாத்தியமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்." இவ்வளவுதான். மாநிலப் பல்கலைக்கழகத்தில் சம்பளத்தை உயர்த்த அவர்களுக்குக் கை நீளாது. கோடைக்கு ஒரு தொகையோ பயணச் செலவோ கிடைக்கலாம். ஒன்றும் இல்லை என்றும் சொல்லலாம். சொல்லிவிட்டு உங்களைப் பற்றித் தவறாக நினைக்க மாட்டார்கள்.

யாரிடம் கேட்பது, என்ன கேட்பது

துறைத் தலைவரிடம் கேட்பதைவிட மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் இன்னும் தேனிலவில் இருப்பார்கள். விசா இல்லாததால் நேரில் போய்ப் பார்க்க முடியவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். துறைச் செயலரிடம் சொன்னால் ஜூமில் மாணவர்களோடு பேச ஏற்பாடு செய்து தருவார்கள். அதில் ஒருவராவது வெளிநாட்டு மாணவராக இருக்கட்டும் என்று கேளுங்கள். அவர்களிடம்:

- உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போது இல்லை? ஏன் போனார்கள்?
- ஓர் அத்தியாயம் கொடுத்தால் வழிகாட்டி எத்தனை வாரத்தில் படித்துத் தருகிறார்?
- உறுதி தந்த ஆண்டுகள் முடிந்த பிறகும் ஆய்வேடு முடியாதவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
- உடம்பு சரியில்லாமல் போனபோது காப்பீடு எவ்வளவு ஏற்றது?
- இங்கே பெண்கள் யாரிடம் போகாமல் தவிர்க்கிறார்கள்?

கடைசிக் கேள்வியைத் தனியாக, ஒரு மாணவியிடம் கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்வதற்கு முன் அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள்.

துறைத் தளத்தில் இருக்கும் வேலைவாய்ப்புப் பட்டியலையும் ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். நிரந்தரப் பணி எது, ஓராண்டு ஒப்பந்தம் எது என்று பிரித்துக் காட்டுகிறார்களா? ஆண்டுக்கு ஐந்து பேர் சேரும் துறையில் இரண்டு பேரின் வேலை மட்டுமே பட்டியலில் இருந்தால், மீதி மூன்று பேரைப் பற்றி விசாரிக்க வேண்டும். ஏ.பி.டி.ஏ. என்ற பெயரில் கலிஃபோர்னியாவின் மெர்செட் பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கும் திட்டம் ஒன்று தத்துவப் பட்டதாரிகள் எங்கே போனார்கள் என்ற தகவலைப் பல துறைகளுக்கும் திரட்டுகிறது. துறை சொல்வதை அதோடு ஒப்பிடுங்கள்.

நிதி உறுதியை மின்னஞ்சலில் அல்ல, பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வக் கடிதத்தில் வாங்குங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2024 நவம்பரில் பாஸ்டன் பல்கலைக்கழகம் தத்துவம் உட்படப் பல துறைகளில் அடுத்த ஆண்டுக்கான பிஎச்.டி. சேர்க்கையையே நிறுத்திவைத்தது. இப்போது பணம் எல்லா இடத்திலும் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

மாமாவுக்கு என்ன பதில் சொல்வது? அவர் கேட்பது நியாயமான கேள்வி. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அமெரிக்காவில் மனிதவியல் (ஹியூமானிட்டீஸ்) துறைகளின் நிரந்தரப் பணியிடங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நல்ல துறையில் நல்ல ஆய்வேடு எழுதியவர்களும் ஒப்பந்த வேலைகளில் ஊர் ஊராக அலைகிறார்கள். தத்துவம் அறிவியல்-தொழில்நுட்பப் பிரிவில் வராததால் படிப்பு முடிந்தபின் அங்கே வேலை பார்க்கும் ஓ.பி.டி. அனுமதி 12 மாதம்தான். பொறியியல் படித்த உங்கள் வகுப்புத் தோழர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் உங்களுக்கு இல்லை. இந்தியாவில் ஐ.ஐ.டி.களின் மனிதவியல் துறைகள், அசோகா, அசீம் பிரேம்ஜி, சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியிலுள்ள கிரியா போன்ற இடங்கள் வெளிநாட்டு முனைவர்களை எடுக்கின்றன. வாசல் திறந்திருக்கிறது, அகலமாக இல்லை.

ஆகவே பேராசிரியர் வேலை கட்டாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எந்த இடத்தையும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆறு ஆண்டு கழித்து அந்த வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினாலும், அங்கே இருந்த ஆறு ஆண்டை எந்த இடத்துக்காக நொந்துகொள்ள மாட்டீர்கள் என்று பாருங்கள். நன்றாகப் படித்தேன், எழுதினேன், பட்டினி கிடக்கவில்லை, யாருக்கும் கடன்படவில்லை என்று சொல்ல முடிகிற இடம். கடன் இல்லாமல் 31 வயதில் டாக்டர் பட்டத்தோடு வரும் பெண்ணுக்கும், 40 லட்சம் கடனோடு வரும் பெண்ணுக்கும் முன்னால் இருக்கும் வழிகள் ஒன்றல்ல. கல்யாணத்தைப் பற்றி அம்மா கவலைப்படுவதற்கும் இதுவே என் பதில்.

என் கருத்து கடற்கரை நகரம். இரண்டு நிபந்தனைகள்: அங்குள்ள மூன்று பேராசிரியர்களும் விடுப்பிலோ வேறிடத்துக்கோ போகவில்லை என்று உறுதி செய்யுங்கள், மாணவர்களோடு பேசியதில் மனசை உறுத்தும் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். மத்திய மேற்குப் பேராசிரியரோடு தொடர்பில் இருங்கள். வெளியிலிருந்து ஒருவர் ஆய்வுக் குழுவில் இருப்பது அங்கே சகஜம்.

வெயிட்லிஸ்ட் விஷயத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடற்கரை நகரத்தைவிட அதை நிச்சயமாக விரும்புகிறீர்கள் என்றால், அதன் சேர்க்கை இயக்குநருக்கு "இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன்" என்று எழுதுங்கள். உண்மையாக இருந்தால் மட்டும், ஓர் இடத்துக்கு மட்டும். பட்டியலில் எத்தனையாவது இடம் என்றும் கேட்கலாம், பலர் சொல்லிவிடுவார்கள். ஏப்ரல் 13, 14, 15 தேதிகளில்தான் பட்டியல்கள் சரசரவென்று நகரும். பலரும் இரண்டு மூன்று ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாள்வரை உட்கார்ந்திருப்பதால் வரும் வினை அது. நீங்களும் இப்போது அதைத்தான் செய்கிறீர்கள்: மத்திய மேற்கு வேண்டாம் என்று முடிவானதும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், அங்கே வெயிட்லிஸ்டில் உங்களைப் போல ஒருவர் தூங்காமல் இருப்பார். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 நள்ளிரவு என்றால் நமக்கு 16-ஆம் தேதி காலை ஒன்பதரை மணி. 15-ஆம் தேதி இரவு போனை அணைத்து வைக்காதீர்கள். அன்று மாலைவரை, அதாவது நமக்கு 16 அதிகாலைவரை, கனவு இடத்திலிருந்து ஒன்றும் வராவிட்டால் கடற்கரை நகரத்துக்குச் சரி என்று அனுப்பிவிடுங்கள். சரி சொன்ன பிறகு வேறிடத்துக்குத் தாவுவது சட்டப்படி குற்றமில்லை, எழுத்தில் சொல்லிவிட்டு விலகலாம். ஆனால் தத்துவத் துறை சின்ன உலகம். நாளைக்கு உங்கள் கட்டுரையை மதிப்பிடப் போகிறவர்கள் அவர்களே.

பிறகு விசா வேலைகள். பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம் வந்ததும் அதில் எழுதியிருக்கும் நிதி விவரம் ஆஃபர் கடிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலரைக் கட்டுங்கள், சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதியை அன்றைக்கே பிடியுங்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பழைய பதிவுகளை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த வரைவு விதி ஒன்று மாணவர்கள் தங்கும் காலத்தை நான்கு ஆண்டாக வரையறுத்து, அதற்கு மேல் நீட்டிப்பு கேட்கச் சொன்னது. ஆறாண்டு பிஎச்.டி.க்கு இது நேராகப் பொருந்தும் என்பதால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் இப்போதே கேளுங்கள். விசா தாமதமானால் சேர்க்கையை ஒத்திவைக்க முடியுமா, ஒத்திவைத்தால் அதே நிதி நிற்குமா என்பதையும் சேர்த்து.

ஜே.ஆர்.எஃப். கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது சில ஆண்டுகள் செல்லும். விசா கைவிட்டாலும் இங்கே ஓர் ஆய்வு இடம் தேட உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட் எப்போதும் செல்லும். அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். வங்கிக்குப் போகும் நாளைத் தள்ளிவைக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும்.